புதுக் கேம்ஷாஃப்ட் பழக்கிய மத்தியானம்

மக்கா, கேஸ் கொடுக்க வேண்டாம். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் எழுதத் தோன்றியது இதுதான். அதனால்தான் சுகமா என்று கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். வக்கீலுக்குப் பணம் அனுப்புகிறேன், வழி மறித்தவனை நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஏற்றாமல் விடமாட்டேன், கட்டிக்கொண்டு வருகிறவள் நம் காரில்தான் முற்றத்தில் வந்து இறங்குவாள் என்று எழுதியிருக்கிறாய். பேனா காகிதத்தைக் குத்திய இடங்களில் உன் கோபம் நன்றாகவே தெரிகிறது. உன் அறையில் இருக்கிற பாறசாலைக்காரன் யாராவது ஊர்ச் சேதி சொல்லியிருப்பான். பெரிய வீட்டு சசி நம் வண்டிப் பாதையில் தென்னந்தடியும் கல்லும் போட்டு அடைத்துவிட்டான் என்பது சேதியில் பாதி. மீதிப் பாதியை யாரும் உனக்கு எழுதமாட்டார்கள், ஏனென்றால் அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், நானும் சசியும். எட்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நான் அதை விடவில்லை என்று சொல்லித் திரிகிறவன் நான். அதனால் எழுத்து முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய கேம்ஷாஃப்டிலிருந்து தொடங்குகிறேன். மலைப்பக்கம் ஒற்றசேகரமங்கலத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனால் ஏற்றத்தில் வண்டி நம்மை மாதிரி மூச்சு வாங்குகிறது, ஜீப்புக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள் என்று நான்தான் உனக்கு எழுதினேன். விளையாட்டாக எழுதியது. நீ அங்கே அரபிகளின் ரேஸ் வண்டியைப் பிரிக்கிற வொர்க்‌ஷாப்பில் நிற்கிறாய், நம் வண்டிக்கும் சேரும்படியான எஞ்சின் ஒன்றின் ரேஸ் கேம்ஷாஃப்டைக் கண்டதும் அப்பாவை நினைத்துவிட்டாய். லீவில் வந்த பையன் அதைப் போர்வையில் சுற்றி, அதோடு உரசி ஓடுகிற டேப்பெட்டுகளைப் பால்பொடி டின்னில் போட்டுக் கொண்டுவந்தான். ஏர்போர்ட்டில் அதை விரித்துப் பார்த்து இது எந்தத் துப்பாக்கியின் பாகம் என்று கேட்டார்களாம். உன் அம்மா அதை முதலில் பூரிக்கட்டை என்றாள், பிறகு இத்தனை மூக்கு வைத்த பூரிக்கட்டை அரபி நாட்டில்தான் உண்டு என்றாள். நான் அதை மூன்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வால்வைத் திறந்து மூடுகிற தண்டு என்று சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை. மகன் அனுப்பியது என்றதும் எல்லோருக்கும் விளங்கியது.

தங்கையன் மேஸ்திரியை உனக்குத் தெரியும், ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதி அவன் கையால் ஓடுகிறது, மீதி அவன் கைக்குத் தப்பி ஓடுகிறது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வேகத்துல பறக்குதவனுக்குள்ள சாதனமாக்கும். மலை ஏறுததுக்கு இது கொள்ளாது. நின்ன நிலையில வண்டி குலுங்கும். பிஸ்டன் ரிங்கை மாத்துனா போதும்" என்றான். "எனக்க மகன் அறியாத காரியமாலே நீ அறிஞ்சிருக்கே?" என்று கேட்டேன். "மகன் அறிவான். அவன் அரபிக்க வண்டியை அறிவான். இந்தக் கிழட்டு வண்டியை நானில்லியா அறியும்" என்றான். சொன்னது சரி. ஆனாலும் மாட்டச் சொன்னேன். வேலை நடந்த நாட்களில் அவனுடைய வொர்க்‌ஷாப்பில் இடமில்லை என்று நம் முற்றத்திலேயே எஞ்சினைப் பிரித்தான். அதுவும் எனக்கு இஷ்டம்தான், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பானே.

நீ எழுதி அனுப்பிய முறையில் ஒரு எழுத்து பிசகவில்லை. கேமின் மூக்குகளிலும் டேப்பெட்டின் அடியிலும் நீ அனுப்பிய கறுப்புப் பசையை உன் அம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்த்தோம். புது எண்ணெய் ஊற்றினோம். ஸ்டார்ட் ஆன நிமிஷத்திலிருந்து எஞ்சினை மெதுவாக ஓட விடவே கூடாது, மெதுவாக ஓடினால் எண்ணெய் தெறித்துக் கேம் வரைக்கும் எட்டாது, புது மூக்கும் புது டேப்பெட்டும் உலர்ந்து உரசிப் பாழாகிப் போகும் என்று எழுதியிருந்தாய். டாப் கியரில் ஐம்பதில் போகும்போது என்ன சத்தம் கேட்குமோ அந்தச் சத்தத்தில் பிடித்து, கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும், அதற்குள் கேமும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகிவிடும், அந்த இருபது நிமிஷத்தில் நடப்பதுதான் பிறகு ஆயுசு முழுக்க இருக்கும். இதைப் படித்தபோது கல்யாணத்துக்கும் இது பொருந்துமே, மகனுக்கு இதை வைத்து ஒரு புத்தி சொல்லலாமே என்று கூட நினைத்தேன். இப்போது அந்த யோக்கியதை எனக்கு இல்லை. மேலே படி, உனக்கே தெரியும்.

அதற்கு முன்னால் பெரிய வீட்டுக்கும் நமக்கும் நடுவிலுள்ள அந்த எல்லையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ வளர்ந்தபோது அங்கே இருந்த ஒரு வழக்கம் தேய்ந்துவிட்டது. நம் பத்து சென்ட் மண் குடியிருந்தவனுக்கே என்ற சட்டத்தால் வந்தது என்று உனக்குத் தெரியும். அதற்கு முன்பு நாம் பெரிய வீட்டின் தோப்பான விளையில் குடில் கட்டிக் கிடந்தவர்கள், இறங்கு என்றால் இறங்க வேண்டும். பெரிய வீட்டில் யாருக்கும் நம் ஆட்களைக் கூப்பிடும் பழக்கம் இல்லை. எல்லையில் அந்தப் பலா மரத்தின் பக்கம் ஒருவர் வந்து நிற்பார். பேசமாட்டார், கைதட்டமாட்டார், நிற்பார். நின்றால் விளித்ததாக அர்த்தம். என் அப்பா ஒரு தடவை எனக்குத் தலையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தவர், கண்ணில் நுரையோடு என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மரச்சீனிக் கிழங்கு வாயில் இருக்க ஓடியதும் உண்டு. அங்கே போய் முற்றத்தில் நின்றால் பெரிய வீட்டுத் தலைவரான மூத்த பிள்ளை ஏறெடுத்துப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். நில்லு என்று அர்த்தம். வெற்றிலை மென்று முடிகிறவரைக்கும் அந்தக் கை அங்கேயே இருப்பது போல் அப்பாவுக்குத் தோன்றுமாம். பட்டயம் கையில் கிடைத்த பிறகு எல்லையில் ஆள் வந்து நின்றது ஒரு நாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். வேண்டாத இன்னொரு டீயும் போடச் சொல்லிக் குடித்தேன். வயிறு புளித்தது, ஆனால் ஓடவில்லை. சுதந்திரம் கிடைத்தவன் செய்த பெரிய காரியம் அதுதான்.

மூத்த பிள்ளை கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கடிதம் எனக்கு லேசாகிவிடும். அவர் அப்படி ஒன்றும் இல்லை, நல்லவர் என்றும் சும்மா சொல்லிவிட முடியாது. என்னை டிரைவராக வைத்து ஸ்டியரிங் வளையம் பிடிக்கப் பழக்கியவர் அவர். உன் அம்மாவுக்கு உன்னைப் பெறுகிற நோவு வந்த காலையில் நான் கேட்கக்கூட இல்லை, வாசலில் நின்றுகொண்டு "வண்டி எடுக்கெடா" என்றார். அந்த வண்டியில் போய்த்தான் நீ பிறந்தாய். திரும்பி வந்ததும் சீட்டை இரண்டு தடவை கழுவச் சொன்னார், பெட்ரோல் காசைச் சம்பளத்தில் பிடித்தார். அதே வண்டியைத்தான் பிறகு உன் முதல் வருஷத்துப் பணத்தில் அவரிடமிருந்து வாங்கினோம். சட்டம் நமக்குப் பத்து சென்ட் கொடுத்தது, அதிலிருந்து ரோட்டுக்கு வண்டி போகிற வழியைக் கொடுக்கவில்லை, நடந்து போகிற வரப்புதான் நமக்கு உண்டு. வண்டி வாங்கிய அன்று அவர் விளையின் ஓரமாக ஒரு தடத்தைக் காட்டி, இதில் போய்க்கொள், எழுத்தும் குத்தும் ஒன்றும் வேண்டாம் என்றார். எழுதி வாங்குங்கள் என்று நீ இரண்டு கடிதத்தில் சொன்னாய். அவர் சொன்னதே போதும் என்று நான் இருந்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு கழிந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். சாவி திருப்பிய முதல் கறக்கத்திலேயே பிடித்தது. பழைய சைலன்சர் இற்றுப்போயிருந்ததால் அதைக் கழற்றிப் போட்டிருந்தான் மேஸ்திரி, அதனால் எழுந்த சத்தத்தில் அடுத்த விளையிலிருந்த காக்காய்கள் எல்லாம் பறந்தன. நான் சீட்டில் இருந்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன், மேஸ்திரி பானெட்டுக்குள் தலையை விட்டு ஒரு கையால் ஏற்று இறக்கு என்று காட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகும் அந்தக் கையும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. மக்கா, உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இது என் மண், இது என் மகன் அனுப்பியது, கேட்கிறவன் கேட்கட்டும் என்று இருந்தது. பாதி நேரம் போயிருக்கும். பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பலா மரத்தின் பக்கம் சசி நிற்கிறான்.

மூத்த பிள்ளையின் இளைய மகன், உன்னைவிட நாலைந்து வயது கூடுதல். மேலே சட்டை இல்லை. சத்தம் போடுகிறோம் என்று சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். என் மனதில் வேறொன்றும் இல்லை என்று நான் பைபிளில் கை வைத்துச் சொல்வேன். அவன் வாய் அசைந்ததா என்று தெரியாது, அசைந்திருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. எல்லையைத் தாண்டி உள்ளே வரவில்லை, நம் முற்றத்தில் காலெடுத்து வைக்க அவனுக்குப் பழக்கம் இல்லை. நான் காலை எடுத்தால் எஞ்சின் இறங்கும், கேம் போகும். கையைத்தானே எடுக்கலாம். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன். நில்லு என்று. காட்டிவிட்டு ரோட்டைப் பார்க்கிற மாதிரி முன்பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு திரும்பினபோது அவன் இல்லை. ஒரு சின்ன சந்தோஷம் வந்தது எனக்கு. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

நேரம் முடிந்து எஞ்சினை நிறுத்தியபோது காது அடைத்திருந்தது. மேஸ்திரி பக்கத்து மூடியைக் கழற்றி டேப்பெட்டுகளைப் பார்த்து, "அண்ணாச்சி, கண்ணாடியில்லா, கண்ணாடி! ஒரு கீறல் கெடையாது" என்று என் முதுகில் அடித்தான். நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது உன் அம்மா ரோட்டுக் குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். "பெரிய வீட்டுக்கு ஜங்ஷன்லேர்ந்து ஜீப்பு வந்து மூத்த பிள்ளையைத் தூக்கிட்டுப் போவுது. நெஞ்சு வேதனையாம். நம்ம வண்டி இஞ்ச கெடக்கும்போ அவங்களுக்கு ஜீப்பு எதுக்காக்கும்?" என்றாள்.

அவளுக்கு இன்றைக்கும் நான் முழுசாகச் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன். சசி சண்டைக்கு வரவில்லை. வண்டிக்கு வந்திருக்கிறான். நான் கை காட்டியதும் திரும்பி ஜங்ஷனுக்கு ஓடி, சவாரி போயிருந்த ஜீப் வருகிறவரைக்கும் காத்து நின்று கூட்டிவந்திருக்கிறான். ஜீப் அமரவிளைப் பாலம் தாண்டவில்லை, அதற்கு முன்பே மூத்த பிள்ளை போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே திருப்பினார்கள். நம் வண்டியில் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். இல்லை என்று சொன்னால் நான் நிம்மதியாகிவிடுவேனோ என்று பயந்து கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. அன்றைக்கு மேஸ்திரியிடம் சசி வந்து நின்றதைச் சொன்னேன், அவன் பானெட்டுக்குள் இருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "கையைக் காட்டுனதுக்குப் பதிலா கியரைப் போட்டு அப்படியே எடுத்திருக்கலாமே அண்ணாச்சி. ரெண்டாம் கியர்ல விரட்டியிருந்தாலும் கேமுக்கு அதே ஓட்டம்தான். நிறுத்தவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றான். குத்திக் காட்டச் சொல்லவில்லை, தொழில் பேசுகிற மாதிரிதான் சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது, துணியைக் கீழே போட்டுவிட்டான். மக்கா, கேமா மனுஷனா என்று எனக்கு ஒரு சங்கடம் வந்து, நான் கேமை எடுத்தேன் என்றால்கூட அதில் ஒரு கணக்கு உண்டு. அப்படி ஒரு சங்கடமே அங்கே இல்லை. இரண்டும் ஒரே ரோட்டில் போயிருக்கும். நான் கையை இறக்கிக் கியரில் வைத்திருந்தால் போதும், என்ன வேணும் என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

குளித்துவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போனேன். நகக்கண்ணில் கறுப்புப் பசை போகவில்லை, வேட்டி மடிப்புக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சிதைக்காகத் தெற்குப் பக்கத்து மாமரத்தை வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எலும்பு பொறுக்குகிற சஞ்சயனம் கழிந்த மறுநாள் காலையில் வண்டித் தடத்தில் தடியும் கல்லும் கிடந்தன. நான் சசியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் என் வாய் முதலில் வழியைப் பற்றித்தான் பேசியது. அவன் கோபப்படவில்லை. "டிரைவரே, அன்னைக்கு நீங்க கை காட்டினீங்க இல்லியா? ஞானும் காட்டுந்நு. அத்ரேயுள்ளு" என்றான், அவ்வளவுதானாம். உள்ளே இருந்து அவன் அம்மா யாரது என்று கேட்டாள். யாருமில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

கட்சிக் கொடி பிடிக்கிற நம் பையன்கள் வந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, பொழுது விடியும்போ தடியும் கிடக்காது கல்லும் கிடக்காது என்றார்கள். நிலத்துக்காரனான ஜன்மி பழைய குணத்தைக் காட்டுகிறான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நீயும் அதையேதான் நினைத்து எழுதியிருக்கிறாய். பழைய குணத்தைக் காட்டியது நான். அந்தக் கையை நான் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை, அவர்கள் முற்றத்தில் என் அப்பாவின் பின்னால் நின்று பார்த்துப் படித்தது. நமக்கு மண் கிடைத்ததும் ஓடுவதை விட்டோம், அது நல்ல காரியம். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பையன்களிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கிழவனுக்குப் பயம் என்று பேசிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

நீ கேட்டதற்கும் பதில் எழுத வேண்டும். கேம் நன்றாகப் பழகியிருக்கிறது. அன்று மாலையே மேஸ்திரி எண்ணெயை வடித்துப் பார்த்தான், உலோகப் பொடி பேருக்குத்தான் இருந்தது. வால்வு இடைவெளியை மறுபடியும் பார்த்துச் சரி செய்தான். மெதுவாக ஓடும்போது குலுங்குகிறது, மிதித்தால் புலி மாதிரி எழுகிறது என்று சொல்கிறான். நான் ஓட்டிப் பார்க்கவில்லை, ஓட்ட வழியில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அவன் வந்து ஸ்டார்ட் செய்து வைக்கிறான், அந்த நேரத்தில் நான் கடைப்பக்கம் போய்விடுகிறேன். வாடகை ஓட்டம் இல்லாததால் வீட்டில் பணமுடை உண்டுதான், ஆனாலும் நீ அதற்காக அங்கே ஓவர்டைம் எடுக்காதே. எனக்குத் திருப்புறத்துக்காரர் ஒருவரின் வேனை ஓட்டக் கேட்டிருக்கிறார்கள். போகலாம் என்று இருக்கிறேன்.

இனி கல்யாண காரியம். பெண் வீடும் திருப்புறம்தான், சேதி அங்கே சீக்கிரம் போகும், அதுவும் பாதிச் சேதியாகத்தான் போகும். மாப்பிள்ளை வீட்டுக்கு வழி மறித்திருக்கிறார்கள், பெரிய வீட்டுக்காரனின் அக்கிரமம் என்று அவர்கள் நமக்காகச் சங்கடப்படுவார்கள். அந்தச் சங்கடத்தை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். நீ அந்தப் பெண்ணுக்கு எழுது. எழுத வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அனுப்பிக் கொடு. நாளைக்கு என் கையில் அவள் டீ கொடுக்கப்போகிறவள், அந்தக் கை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு கொடுக்கட்டும். தெரிந்த பிறகு வேண்டாம் என்று அவள் வீட்டில் சொன்னால் நீ அவர்களோடு சண்டை போடாதே, என்னோடு போடு. சசியிடம் நான் மறுபடியும் போவேன். வழியைப் பற்றிப் பேசாமல் போக எனக்குத் தைரியம் வருகிற அன்றைக்குப் போவேன். அவன் கதவைத் திறக்காமலும் இருக்கலாம், அது அவனுடைய காரியம்.

எல்லாம் அறிந்து அவள் வருகிறாள் என்றால், சர்ச்சிலிருந்து வருகிற கார் ரோட்டிலேயே நிற்கட்டும். அங்கிருந்து நம் வரப்பு வழியாக நடந்துதான் வர வேண்டும், நீயும் கூட நட. மழைக்காலம் கழிந்தாலும் தண்ணீர் ஓடுகிற தோட்டுப் பக்கம் சேறு காயாது, பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் இரண்டு பலகை போட்டு வைக்கிறேன்.